இடது பக்கத்து யானை

சதுரங்கப் பலகையில் என் மச்சானைப் போல ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை. நீங்கள் கவனிக்காமல் ஒரு காயை வெட்டுக்கு வைத்துவிட்டால், "ஐயோ பாவம், தெரியாம வச்சுட்டே, திரும்ப எடுத்துக்க" என்கிற பெருந்தன்மையெல்லாம் அவனிடம் கிடையாது. வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு அதை எடுத்துத் தன் பக்கத்துத் தகர டப்பாவில் டங்கென்று போடுவான். அந்தச் சத்தத்துக்காகவே தகர டப்பா வைத்திருந்தான்.

அவன் பள்ளிக்கூட பஸ் டிரைவர். நான் அதே டிப்போவில் டிங்கர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பது என் வேலை. முதலில் சிநேகிதனாக இருந்தான். அப்புறம் என் தங்கையைக் கட்டிக்கொண்டு மச்சான் ஆனான். "உன்னை ஆயுசு பூரா ஜெயிக்கணும்னா சொந்தமாகிடறதுதான் வழி" என்று கல்யாண வீட்டிலேயே சொன்ன ஆள். காலை ட்ரிப் முடிந்து வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டால் பள்ளி விடும்வரை அவனுக்கு வேலை இல்லை. சாப்பிட்டுவிட்டு என் ஷெட்டுக்கு வருவான். கவிழ்த்த ஆயில் டிரம்மின் மேல் பலகையை விரிப்போம். கறுப்பு மந்திரி ஒன்று எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் நிற்கும். வெள்ளைச் சிப்பாய்களில் ஒன்று வெறும் நட்டு.

நான் கோபக்காரன். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டிப்போவில் யாராவது சொல்வார்கள். ஆட்டத்திலும் அப்படித்தான், ஒரு காய் போனால் கண்மண் தெரியாமல் பாய்வேன். அவனுக்கு அது அத்துப்படி. என்னைச் சீண்டிவிட்டு, நான் பாய்ந்ததும் பின்னாலிருந்து குதிரையை இறக்குவான். தன் இரண்டு குதிரைகளையும் கடைசிவரை பொத்திப் பொத்தி வைத்திருப்பான். டிப்போவில் அவன் பேரே குதிரைக்காரன்தான். குதிரையை இறக்கும் நேரம் வந்தால் அவன் இடது கை தானாக இடது காது மடலுக்குப் போகும். அதைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்கே அது தெரியாது. நான் ஜெயித்த ஆட்டங்களில் பாதி அந்தக் காது மடலின் புண்ணியம். இதை அவனிடம் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

வண்டியிலும் அவன் அதே ஆள்தான். சாவியைப் போடுமுன் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் தட்டி, இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளையும் துணியால் துடைத்த பிறகுதான் ஏறுவான். பிள்ளைகள் ஏறி இறங்குவது இடது பக்கக் கதவில். கடைசிப் பிள்ளை இறங்கி ஓரமாகப் போய்ச் சேரும்வரை இடது கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். அவன் வண்டிக்கு நான் செய்த வேலை என்றால் வெயிலில் மங்கிய பெயிண்டைப் புதுப்பித்ததுதான். இந்த வருஷம் வரை ஒரு கீறல்கூடக் கிடையாது.

இப்படி இருந்தவனுடைய போனில் அவன் மகள், அதாவது என் மருமகள், ஒரு சதுரங்க ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். எதிரில் ஆள் கிடையாது. மிஷினே விளையாடும். முதல் வாரம் அவன் புலம்பிய புலம்பல் இருக்கிறதே, கேட்கச் சகிக்கவில்லை.

"அதுக்குக் கோபமே வர மாட்டேங்குது மச்சான்" என்றான். "உனக்கு வைக்கிற மாதிரி ஒரு வலை வச்சேன். நீயா இருந்தா பாய்ஞ்சு வந்து மாட்டியிருப்ப. அது கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

"அப்ப அதுதான் புத்திசாலி."

"புத்திசாலிதான். ஆனா ஜெயிச்சா அதுக்குச் சந்தோஷம் இல்ல, தோத்தா துக்கம் இல்ல. அதோட என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கு?"

சொன்னானே தவிர விடவில்லை. கொஞ்ச மாதம் கழித்துப் பேச்சே மாறிவிட்டது. "நேத்து மிஷினை ஜெயிச்சேன்" என்று வந்து நின்றான். மறுநாளும் ஜெயித்தேன் என்றான். ஷெட் வாசலில் நின்றபடியே விளையாடுவான். போனை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் வலது பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொள்வான். "என்னடா, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டறியா?" என்று கேலி செய்தேன். வெளிச்சம் கூசுது என்றான்.

அதே சமயம் என்னிடம் தோற்க ஆரம்பித்தான். ஒன்றிரண்டு அல்ல, வரிசையாகத் தோற்றான். என் கட்டைவிரலைத் தகடு கிழித்துத் தையல் போட்டிருந்த நேரம் அது. டிப்போவில் ஆளாளுக்கு "பாவம், கை எப்படி இருக்கு" என்று கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவனும் பாவம் பார்த்து எனக்கு விட்டுக்கொடுக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு என்ன தோன்றும்? காயை வெட்டக் காத்திருக்கும் என் மந்திரி பட்டப்பகலில் நிற்கிறது, அவன் யானையை நகர்த்தாமல் வேறு எங்கோ ஒரு சிப்பாயைத் தள்ளுகிறான். வேண்டுமென்று செய்தால் ஒழிய யாராவது இப்படி ஆடுவார்களா?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "எனக்கு விரல்தான் போச்சு, மூளை போகல. பிச்சை போடறதா இருந்தா பலகையை மடிச்சு வை."

அவன் முகத்தைப் பார்த்தேன். நடிக்கிற முகம் இல்லை. நிஜமாகவே புரியாமல் விழித்தான். "நானா? உனக்கா? விட்டுக்கொடுக்கறதா?" என்றான். அப்புறம் சிரித்துவிட்டு, "உனக்கு இப்ப நல்லா ஆட வருது, ஒத்துக்கறேன். ஆனா மிஷினையே ஜெயிக்கிறவன் நான், அதை மறந்துடாதே" என்று எழுந்து போனான். நானும் விட்டுவிட்டேன். ஜெயிப்பது யாருக்குத்தான் கசக்கும்?

அதற்கடுத்த வாரம் அவன் வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. இடது கண்ணாடி உடைந்து, அதைத் தாங்கும் கை வளைந்து தொங்கியது. இடது பக்கத் தகட்டில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு நீளக் கீறல். "நிறுத்தியிருந்தப்ப எவனோ இடிச்சிருக்கான்" என்றான். நான் அந்த எவனையோ நான்கு நல்ல வார்த்தை திட்டிவிட்டு, புதுக் கண்ணாடி மாட்டி, கீறலுக்குப் பட்டி பார்த்து மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். வெள்ளைக் காய்கள் அவனுக்கு. முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வலது கன்னம் மழமழவென்று இருக்க, இடது கன்னத்தில் ஷேவே செய்யவில்லை, நரைத்த தாடி அப்படியே நின்றது. "என்ன, பிளேடு பாதியிலே தீர்ந்துபோச்சா?" என்றேன். "ஏன்?" என்று கேட்டுவிட்டு வலது கன்னத்தைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றான்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆட்டம் நடந்தது. அவனுக்கு இடது கோடியில் நிற்கும் யானையை என் ஸ்பார்க் பிளக் மந்திரி குறி வைத்து நின்றது. அவன் பார்க்கவில்லை. எடுத்தேன். "எங்கேருந்துடா வந்துச்சு அது?" என்று திடுக்கிட்டான். அது எங்கிருந்தும் வரவில்லை. ஆட்டம் பாதி ஓடும்வரை அங்கேயேதான் நின்றிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. என் ராணியைத் தூக்கினேன். அவனுடைய இடது பக்கத்தில், அவனுடைய சிப்பாய் ஒரே அடியில் வெட்டும்படி, நடுத்தெருவில் உட்கார வைப்பதுபோல வைத்தேன். எனக்கு அதனால் பைசா லாபம் கிடையாது. சின்னப் பிள்ளைகூட எடுத்துவிடும். அவன் பலகையைப் பார்த்தான். நன்றாக யோசித்தான். பிறகு வலது பக்கத்தில் ஒரு குதிரையை நகர்த்தினான். கை காது மடலுக்குப் போகவில்லை. போய்ப் பல வாரமாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சிப்பாயைக்கூட விடாத கஞ்சன், இலவசமாக வைத்த ராணியை எடுக்கவில்லை.

நான் என் முறைக்கு ஆடாமல் பலகையை அரைச் சுற்றுத் திருப்பினேன். இப்போது என் ராணி அவனுடைய வலது கைப்பக்கம் வந்தது. "என்ன பண்றே, காயெல்லாம் கலையுது" என்று முணுமுணுத்தவன் கண்ணைச் சுருக்கினான். "டேய், உன் ராணி சும்மா நிக்குது! எப்ப வச்சே இதை?" என்று எட்டி எடுத்து டப்பாவில் டங்கென்று போட்டான். குழந்தை மாதிரி சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பாவமும் பார்க்கவில்லை, மோசமாகவும் ஆடவில்லை. அவனுக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. இது அவனுக்குத் தெரியவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவன் பஸ்ஸை எடுக்கப்போகிறான். பிள்ளைகள் இறங்கும் பக்கம் இடது பக்கம்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டேன். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று பொதுவாக விசாரித்தேன். அவள் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்காருண்ணே. என்ன, தட்டுல பாதிச் சோத்தை அப்படியே வச்சுட்டு இன்னும் போடுங்கறாரு. தட்டைத் திருப்பி வச்சா, அட இருக்கேன்னு சாப்பிடறாரு. வயசாகுதுல்ல" என்றாள். மருமகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"உங்கப்பா ஆடற மிஷின் எத்தனாவது படிம்மா?"

"ஆரம்பத்துல எட்டு வச்சுக் குடுத்தேன் மாமா. இப்ப மூணுல இருக்குது. ஏன்?"

"யாரு குறைச்சது?"

"யாரும் குறைக்கல. நாம தோத்துக்கிட்டே இருந்தா அதுவே எறங்கிடும். வெறுத்துப்போய் ஆட்டத்தை விட்டுடக் கூடாதுல்ல, அதுக்காக அப்படிச் செஞ்சு வச்சிருக்காங்க."

"தப்பா ஆடினா சொல்லாதா?"

"சொல்லுமே. தப்பு ஆட்டத்துக்கெல்லாம் சிவப்பு வட்டம் போடும். அப்பாவுக்கு எல்லா வட்டமும் ஒரே பக்கமா விழுதுன்னு நான்கூட கேலி பண்ணினேன்." பிறகு அவளே கேட்டாள்: "மாமா, அப்பாவுக்கு ஏதாவது…?"

"ஒண்ணும் இல்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

மிஷினைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பலகையில் அது ராட்சசன். உலகத்திலே எந்த மனுஷனும் அதன் முன்னால் நிற்க முடியாது என்கிறார்கள், இருக்கட்டும். ஒவ்வொரு தப்பையும் அது பார்த்திருக்கிறது, அளந்திருக்கிறது, வட்டம் போட்டிருக்கிறது. ஆனால் ஒரு கஞ்சன் ஏன் திடீரென்று வாரி வழங்குகிறான் என்று அதற்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்காமல் மரியாதையாகப் படி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அவனும் ஜெயிக்கிறேன் ஜெயிக்கிறேன் என்று அதன் பின்னாலேயே இறங்கியிருக்கிறான். அதற்கு ஆட்டம் தெரியும், ஆளைத் தெரியாது. இதை நினைத்தபோது வந்த பயத்தை என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "வண்டி எப்படி ஓட்டறான்?" என்று கேட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் தம்பி. நேத்து ஒரு புள்ள படியில கால வச்சிருக்கும்போதே வண்டியை எடுத்துட்டாரு. நான் தகட்டைத் தட்டிக் கத்தினதால நிறுத்தினாரு. உயிரே போய் வந்துச்சு. வீட்டுல ஏதும் மனசு சரியில்லையோன்னு விட்டுட்டேன். தங்கமான மனுஷன், எப்படிப் போய்ப் புகார் சொல்றது?"

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு டிரைவர்கள் காய்ச்சலில் படுத்திருந்ததால் காலையிலிருந்தே போனும் கையுமாக இருந்தார். நான் ராணியை வைத்த கதையை மூச்சுவிடாமல் சொன்னேன், அந்த அவசரத்தில் அக்கா சொன்னதைச் சொல்ல விட்டுப்போயிற்று. வாயிலிருந்து வரும்போது அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது என்று எனக்கே கேட்டது.

"சதுரங்கத்துல தோத்தான்னு வண்டியை நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார். "அவரு இங்க இருக்கறதுலயே நல்ல டிரைவர். இத்தனை வருஷத்துல ஒரு புகார் இல்ல. அங்க புள்ளைங்க நிக்குதுங்க, மாத்தி அனுப்ப ஆள் இல்ல. இன்னைக்கு ஒரு ட்ரிப். நாளைக்கு டாக்டர்கிட்ட அனுப்பறேன், சரியா?"

"ஒரு ட்ரிப்பு போதும் சார், ஒரு புள்ள சாக" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. டிங்கருக்கு வழக்கம்போலக் கோபம் வந்துவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். போன் மணி அடித்தது, எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்தபோது என் மச்சான் துணியோடு பஸ்ஸைச் சுற்றக் கிளம்பிவிட்டான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "இன்னைக்கு நீ வண்டி எடுக்காதே. உனக்கு உடம்பு சரியில்ல" என்றேன். கையை உதறினான். அவன் என்னிடம் அப்படி உதறியதே இல்லை. "ராணி போனதுக்கு இவ்வளவு கோபமா உனக்கு? புள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க, வழியை விடு" என்று போய்விட்டான்.

என் சட்டைப்பையில் ஸ்பேனர் இருந்தது. அவன் வலது பக்க டயரைத் தட்டிக்கொண்டு பின்புறம் போன நேரத்தில், நான் முன்பக்கம் ஓடி இடது கண்ணாடியின் போல்ட்டுகளைக் கழற்றினேன். நானே மாட்டியவை, சுலபமாக வந்தன. தையல் போட்ட விரலில் ரத்தம் கசிந்தது. கண்ணாடி இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டான். அது ஒன்றுதான் என் எண்ணம். கண்ணாடி காணவில்லை என்று கத்துவான், அந்தச் சண்டையில் ட்ரிப் நேரம் போய்விடும், அதற்குள் மேனேஜரும் வேறு ஏற்பாடு செய்வார் என்று நினைத்தேன். கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவன் சுற்றி வரக் காத்திருந்தேன்.

அவன் சுற்றி வந்தான். வலது கண்ணாடியை அழகாகத் துடைத்தான். துணியை மடித்துத் தோளில் போட்டான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

அவன் கத்தவில்லை.

இதற்குள் சத்தம் கேட்டு மேனேஜரும் வெளியே வந்திருந்தார். நான் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, "மச்சான், கண்ணாடி பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

"எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தரியா?"

"கோவிச்சுக்காதே. இடது கண்ணாடி சரியா இருக்கான்னு மட்டும் சொல்லு. நான் மாட்டினது, அதான் கேக்கறேன்."

தலையைக் கொஞ்சம் திருப்பினான். நேர்முன்னால் வந்ததும் கண் நின்றுவிட்டது, அதைத் தாண்டிப் போகவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றான். "பின்னாடி சுவர் தெரியுது, கேட்டு தெரியுது. போதுமா?"

மேனேஜர் இடது பக்கம் பார்த்தார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு உயர்த்திக் காட்டினேன்.

என் மச்சான் அதைப் பார்த்தான். அப்புறம் அதற்குள் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். கை மெல்ல எழுந்து தாடி மண்டிய கன்னத்தைத் தொட்டது. வண்டியை நிறுத்திச் சாவியை உருவி என்னிடம் நீட்டினான்.

"நான் பாத்தேன் மச்சான்" என்றான். "சத்தியமா சுவரைப் பாத்தேன். எனக்கு என்னடா ஆச்சு? பயமா இருக்கு."

எனக்கும்தான் பயமாக இருந்தது. சொல்லவில்லை. ஏறிப்போய் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் பள்ளிக்குப் போன் செய்து, வேறு ஒரு வண்டி இரண்டு நடையாக அடிக்கும் என்று சொல்லிவிட்டு, தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மூளையின் வலது பக்கத்தில் கட்டி. மெதுவாக வளர்ந்திருக்கிறது. வலது பக்கம் கெட்டால் இடது பக்கத்து உலகம் கழன்றுபோகும் என்றும், கழன்றது ஆளுக்கே தெரியாது என்றும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். எடுத்துவிடலாம், ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார். அந்த நாட்களை நான் விவரிக்கப் போவதில்லை. தங்கை ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "தட்டைத் திருப்பி வச்சேனே அண்ணே, திருப்பித் திருப்பி வச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நினைவு தெளிந்து அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் உடம்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அல்ல.

"அந்தக் கண்ணாடி எதுல இடிச்சு உடைஞ்சுது?"

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நிறுத்தியிருந்தப்ப எவனோ இடிச்சான்னு சொன்னேன்ல. அது நானா நினைச்சுக்கிட்டது. எதுல இடிச்சேன்னு எனக்குத் தெரியாது மச்சான். எதுன்னு தெரியாது, யாருன்னும் தெரியாது. நீ போய்ப் பாத்துட்டு வா."

மறுநாள் அவன் ஓட்டும் பாதை முழுவதும் நடந்தேன். ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, தெரு ஓரத்துச் சுவர், தூண், மரம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எதையாவது கண்டுபிடித்துவிடுவேனோ என்றும் பயம், கண்டுபிடிக்காமல் போவேனோ என்றும் பயம். கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதில், என் தலைக்கு மேலே, நசுங்கல். நசுங்கலில் மஞ்சள் பெயிண்ட். பெயிண்ட் என் கையால் கலந்தது, எனக்கா தெரியாது? அந்தக் கம்பத்தின் அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி விளையாடியே தேய்ந்தது.

பஸ் அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடி உடைந்த அன்று இரண்டு சீட்டுப் பிள்ளைகள் சண்டையில் இருந்ததால் தான் உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், ஏதோ கிளை உரசிய சத்தம் என்று நினைத்ததாகவும் சொன்னார். "அன்னைக்குக் காலையில மழை தம்பி. புள்ளைங்க அத்தனையும் கம்பத்துக்கிட்ட நிக்காம எதிர் கடை வாசல்ல ஒதுங்கி நின்னுச்சுங்க" என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவனிடம் வந்து சொன்னேன். "கம்பம். வெறும் கம்பம். பக்கத்துல யாரும் இல்ல."

"சத்தியமா?"

"நான் அடிச்ச பெயிண்ட் அதுல இருக்கு. அன்னைக்கு மழை, புள்ளைங்கெல்லாம் கடை வாசல்ல."

அவன் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதான். அடக்கமாட்டாமல் அழுதான். மழை பெய்யாமல் இருந்திருந்தால் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் வானம் வெளுத்துக் கிடக்கும் காலை நேரங்களில் எனக்கு அந்தக் கம்பம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அவன் இனி பஸ் ஓட்டப்போவதில்லை. மேனேஜர் டிப்போவிலேயே வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலையைக் கொடுத்திருக்கிறார். இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. எப்போதும் அவனுக்கு இடது பக்கமாகவே உட்கார்ந்து பேசுங்கள், அவனாகத் தேடித் திரும்பட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் இடது பக்கம்தான் உட்காருகிறேன், அவன் கழுத்தை வளைத்து என்னைத் தேடித் திட்டுகிறான். போன் ஆட்டத்தை மருமகள் எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். "இருக்கட்டும், அதுமேல என்ன தப்பு?" என்றான். ஆனால் தொடுவதில்லை.

போன வாரம் டிரம் மேல் பலகையை விரித்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அவன் இடது கோடியிலிருந்து ஆரம்பித்து, விரலால் ஒவ்வொரு காயாகத் தொட்டுக்கொண்டு வருகிறான். யானை, குதிரை, மந்திரி என்று வாயால் சொல்கிறான். நேரம் எடுக்கிறது. எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் காத்திருந்தேன். பயமாகவும் இருந்தது, எங்கே எதையாவது விட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் நடுவில் நான் பாய்ந்துவிட்டேன். அவன் ஒரு சிப்பாயை வைத்துச் சீண்டினான், வழக்கம்போலப் புத்தி கெட்டுப் போனேன். அவன் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் இடது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. எங்கே போவது என்று தெரியாததுபோலக் கொஞ்சம் தயங்கியது. கன்னத்தைத் தொட்டது. அப்படியே மேலே ஊர்ந்துபோய் இடது காது மடலைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு வெறும் சாதாரணப் பயம் வந்தது. என் ராணி போகப்போகிறது.